சனிக்கிழமைக்காரி

பிப்ரவரி 3, ஞாயிறு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு வருகைப் பதிவுக்காகப் பள்ளியில் கொடுத்தது. மூன்றாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். அவர்களுக்குப் பத்துப் பக்கம் போதும். மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன். எழுதி வைக்கும் அளவுக்கு உனக்கு என்ன நடந்துவிட்டது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

தாய்லாந்தில் இந்த மஹாச்சாய்க்கு வந்து ஒன்பது நாள். இறால் கொட்டகைகளுக்குப் பின்னால் வரிசையாகப் பதினான்கு அறைகள், ஆறாவது அம்மாவுடையது. ‘அம்மாவின் அறை’ என்றுதான் கை எழுதுகிறது. ‘வீடு’ என்று எழுத இன்னும் வரவில்லை.

நான் பிறந்தது இந்த ஊரில். மூன்று மாதக் குழந்தையாக, ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, எல்லை தாண்டிப் பர்மாவில் உள்ள தவேய்க்கு அனுப்பிவிட்டார்கள். பெரியம்மாதான் வளர்த்தாள். அம்மாவை நேரில் பார்த்தது இரண்டே முறை: ஆறு வயதில், பதின்மூன்று வயதில். மற்றபடி தொலைபேசிக் குரல்.

ஏன் அனுப்பினார்கள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் சனிக்கிழமை பிறந்தவள். தலைப்பிள்ளை சனியில் பிறந்தால் பெற்றவர்களைச் சுடும், தள்ளித்தான் வளர்க்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னார். என் முதல் பிறந்தநாள் கழிந்து இரண்டாம் மாதம் அப்பா போன மீன்படகு திரும்பவில்லை. ‘அவ்வளவு தூரத்திலிருந்தும் சுட்டுடுச்சு பாரு’ என்றார்கள். யார் வீட்டு அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டாலும் ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பிறகு, பாவம் என்று வேறு பக்கம் பார்ப்பார்கள்.

பட்டம் வாங்கி, இங்குள்ள எங்கள் ஜனங்களின் பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை கேட்டு எழுதினேன். கிடைத்தது. ஏப்ரலில் வரும் எங்கள் புத்தாண்டு வரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நான் சொல்ல வேண்டும் — இருக்கிறேனா, திரும்பிப் போகிறேனா என்று.

அம்மாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சின்ன விஷயம்தான். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கேட்டுவிட வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 11, திங்கள்

அம்மா என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறாள். வேடிக்கைக்கு என்று முதலில் நினைத்தேன். இல்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை.

இன்று வறுத்த மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். பக்கத்து அறை எய் பியூ அக்கா உப்பு வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னக்கா இது, பொண்ணு வந்திருக்கா, கூட உக்காந்து சாப்பிடாம ஹோட்டல்காரி மாதிரி நிக்கறீங்க?”

“டீச்சர் சாப்பிடட்டும். நான் அப்புறம்.”

“நல்லாப் பரிமாறுனா மார்க் போடுவாங்களோ?”

“போட்டா வாங்கிக்கறேன். நான்தான் பள்ளிக்கூடமே போகலையே.”

அம்மா சிரித்தாள். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘உட்காருங்க அம்மா’ என்று சொல்ல எத்தனை எழுத்து? சொல்லவில்லை.

என் பட்டமளிப்புப் படத்தை அரிசி டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டுகிறாள். பக்கத்தில் நிற்கும் என்னைக் காட்டுவதில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

அம்மாவின் விரல் நுனியில் ரேகையே இல்லை. இத்தனை வருடமாக ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து அழிந்துவிட்டது. வேலை அட்டை புதுப்பிக்கப் போனால் கருவி அவள் விரலை ஏற்பதில்லையாம். “இந்தக் கை யாருதுன்னு ஆபீசருக்கும் தெரியல, மெஷினுக்கும் தெரியல. ஒவ்வொரு வருசமும் நான்தான் நான்னு சத்தியம் பண்ணிட்டு வரேன்” என்றாள். எய் பியூ அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கை இதுவரை என்னைத் தொடவில்லை. தேநீரைக்கூடத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளுகிறாள். பயம்தான். வேறென்ன?

பிப்ரவரி 24, ஞாயிறு

விகாரைக்குப் போனோம். நம் ஆட்கள் சேர்ந்து, ஊரில் இருப்பதுபோலவே, கிழமைக்கொரு மூலை வைத்திருக்கிறார்கள். அவரவர் பிறந்த கிழமையின் மூலையில் புத்தருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மிருகச் சிலை; சனிக்கு நாகம். வழக்கம்போல் என் மூலையில் கூட்டமில்லை. வயதுக்கொன்றாக இருபத்திரண்டு குவளை, மேலே ஒன்று.

அம்மா திங்கள், புலி. அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் புலியின் காதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 8, வெள்ளி

காலையில் அம்மா வேலைக்கு விடுப்பு எடுத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிக்குகளுக்குச் சோறு போட்டாள். கோழிக் குழம்பு, பூசணி, வாழைப்பழம். எய் பியூ அக்கா சொன்னாள்: “உங்கம்மா ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். உன் பொறந்தநாளுக்கு.”

என் பிறந்தநாள் நாளைக்கு.

ஒரு நாள் முன்னாலேயே. தேதிகூட நினைவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? கோபமில்லை.

மார்ச் 9, சனி

இருபத்து மூன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

மார்ச் 21, வியாழன்

கொட்டகையின் ஈரத் தரையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது.

மருத்துவமனையில் நர்ஸ் தாய்லாந்து மொழியில் எழுதிக் கொடுத்த சீட்டை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். தவேயிலேயே புத்தகம் வைத்துப் படிக்க ஆரம்பித்து, இங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பின்வரிசையில் உட்கார்ந்து தேறிய மொழி. அம்மா வலியிலும் நர்ஸிடம், “இவ டீச்சர்” என்றாள். என் மகள் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உடனே கேட்டாள்:

“நான் சொன்னேனா இல்லையா? போகாதேன்னு சொன்னேனா? இருபத்தி மூணு வருசமா அவளுக்கு ஒரு சளி காய்ச்சல் உண்டா? நீ போய் ரெண்டு மாசம் ஆகல.”

“தரை ஈரம், பெரியம்மா.”

“அந்தத் தரை என்னைக்குத்தான் காஞ்சிருந்துச்சு? உன்மேல தப்பு இல்லம்மா. நாளுமேல தப்பு. நீ நல்ல பொண்ணு. நல்ல பொண்ணா தூரமா இரு.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

திரும்பிப் போகிறேன். புத்தாண்டு முடிந்ததும்.

மார்ச் 26, செவ்வாய்

போவதற்குள் செய்ய முடிந்ததைச் செய்யலாம் என்று பார்த்தால், அம்மா விடுவதில்லை. இடது கையால் அரிசி களைகிறாள், பாதி தரையில். அவள் முடி இடுப்பு வரை. ஒரு கையால் முடிய முடியவில்லை. சீப்பை எடுத்தேன். “டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை” என்று சொல்லிவிட்டு எய் பியூ அக்காவின் அறைக்குப் போய்ச் சீவிக்கொண்டு வந்தாள்.

நான் தொட்டால் இன்னொரு கையும் போய்விடும் என்றா, அம்மா?

ஏப்ரல் 2, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் ஒரு படிவம் கொடுத்தார். ஆசிரியர் அட்டைக்கு விண்ணப்பம். பிறப்புச் சான்று வேண்டுமாம். நான் போகப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன். புத்தர் மாடத்துக்குக் கீழே பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

நான்காக மடித்த பழுப்புத் தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தாய்லாந்து எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பெரியம்மா இந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. ஆக, பிறந்ததிலிருந்து இதை முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. மார்ச் 9, சனிக்கிழமை. நேரம்: காலை மூன்று பத்து.

மூன்று பத்து.

நர்ஸுக்கு நள்ளிரவு தாண்டினால் மறுநாள். சனி என்று எழுதிவிட்டாள். எங்கள் ஊர்க் கணக்கில் விடிந்தால்தான் கிழமை மாறும். சூரியன் வர இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

நான் வெள்ளிக்கிழமை பிறந்தவள்.

ஏப்ரல் 3, புதன்

உறுதிப்படுத்திக்கொள்ளப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

“பெரியம்மா, விடியறதுக்கு முன்னாடி குழந்தை பொறந்தா எந்தக் கிழமைன்னு வெப்பாங்க?”

“முந்தின கிழமைதான். இதுகூடத் தெரியாதா? பட்டம் வாங்குனவ! யாருக்குக் குழந்தை?”

“இங்க... பக்கத்து அறையில.”

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணு.”

“எந்தக் கிழமை?”

“வெள்ளி.”

“அப்பாடா. தப்பிச்சுது” என்றாள்.

ஏப்ரல் 6, சனி

மூன்று நாளாக யோசிக்கிறேன். அம்மாவிடம் சொல்வதா? ‘ஒரு நர்ஸின் நாள்காட்டிக்காக இருபத்து மூன்று வருடம் பெண்ணைப் பிரிந்திருந்தீர்கள்’ என்று எப்படிச் சொல்வது? உடைந்த கையோடு இதையும் தாங்குவாளா? சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தால் போதும். எண்ணெய்க்கும் படகுக்கும் ஈரத் தரைக்கும் நான் காரணமில்லை. இதை இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன்: நான் காரணமில்லை.

விகாரைக்குத் தனியாகப் போய் வெள்ளி மூலையில் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளிக்கு வாலில்லாத எலி. நாகத்திலிருந்து எலிக்கு இறங்கியிருக்கிறேன். என் வகுப்புச் சிறுமி ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“டீச்சர், உங்க மூலை அங்க இருக்கு!”

“அது தூரம். கால் வலிக்குது.”

“சாமி ஏமாறாது டீச்சர்” என்றாள் கண்டிப்பாக.

ஏமாறவில்லை, கண்ணு.

ஏப்ரல் 12, வெள்ளி

நாளை தண்ணீர்த் திருவிழா தொடங்குகிறது. அரை நாள் விடுமுறை. மதியம் அறைக்கு வந்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பிஸ்கட் டப்பா. தாள் அவள் மடியில்.

“நாலா மடிச்சு வெச்சிருந்தேன். நீ மூணா மடிச்சிருக்க” என்றாள்.

நான் பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

“படிச்சுட்டியா?”

தலையாட்டினேன்.

“நேரம் போட்டிருக்கா?”

“மூணு பத்து.” பிறகு, அவளைத் தேற்ற வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்: “உங்க தப்பு இல்லம்மா. நர்ஸ் சனின்னு எழுதிட்டாங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எப்படி—”

“படிக்கத்தான் தெரியாது” என்றாள். “பெத்தது நான்தானே? இருட்டுல பெத்தேனா வெளிச்சத்துல பெத்தேனான்னு எனக்குத் தெரியாதா?”

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தீரும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

“அப்போ யார்கிட்டயும் அட்டை கிடையாது. கொட்டகை மாடியிலதான் தூக்கம். குழந்தை வெச்சுக்கக் கூடாதுன்னு முதலாளி. எய் பியூவோட அம்மா மறைச்சு மறைச்சுப் பாத்துக்கிட்டா. ஒரு நாள் போலீஸ் வந்துட்டான். எல்லாரும் ஓடறாங்க. நான் எங்க ஓடுவேன், கையில நீ. மீன் அடுக்கற வெள்ளைப் பெட்டி இருக்கே, அதுல உன்னை வெச்சு மூடியைக் கொஞ்சம் திறந்தாப்புல வெச்சுட்டு, மேசைக்கு அடியில தள்ளிட்டு, நான் கூடை அடுக்குக்குப் பின்னாடி. ஒரு மணி நேரம். நீ அழவே இல்ல. செத்துட்டியோன்னு நினைச்சேன். திறந்து பாத்தா கண்ணைத் திறந்துட்டு சும்மா படுத்திருக்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த ஊர்ல உன்னை வெச்சுக்கக் கூடாதுன்னு.”

“அப்போ சனி?”

“மூணு மாசக் கைக்குழந்தையை அனுப்பிட்டு வேலைக்குப் போறாளேன்னு ஊரே காறித் துப்பும். சனின்னு சொன்னேன். எல்லாரும் ‘அனுப்பு, அனுப்பு, சீக்கிரம் அனுப்பு’ன்னாங்க. ஒருத்தர்கூட என்னைத் திட்டல. நாலு அரிசி மூட்டை வாங்கிட்டு வரேன்னு சொல்ற மாதிரி சுலபமாப் போச்சு.” தாளைத் திரும்ப நாலாக மடித்தபடி: “அது உன்னைச் சுடும்னு எனக்குத் தோணல. உங்கப்பா போனப்புறம் அக்கா போன்ல சொன்னா, ‘எல்லாம் இவ நாளு’ன்னு. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. அப்புறம் வருசம் போகப் போக இன்னும் வரல.”

மார்ச் 8, வெள்ளிக்கிழமை, கோழிக் குழம்பு. அவள் தேதியை மறக்கவில்லை.

“நீ அதிகமாப் பேசமாட்டேங்கறன்னு அக்கா சொல்லும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்” என்றாள்.

ஏப்ரல் 13, சனி

கோவம் வருது. எழுதத்தான் முடியுது, கத்த முடியல.

அவங்களை யாரும் திட்டக் கூடாது. அதுக்கு நான் சனி. கல்யாண வீட்டுல என்னைப் பின்கட்டுல உக்கார வெச்சாங்களே, அது? பெரியம்மா பேத்தி பொறந்தப்போ பத்து நாள் என்னை அந்த அறைப்பக்கமே விடலையே, அது? அப்பாவை நான்தான் கொன்னேன்னு பன்னெண்டு வயசு வரைக்கும் நம்பினேனே — அது?

பயத்தினால தொடலன்னு நினைச்சேன். என்னைப் பாத்துப் பயமில்ல. வெக்கம்.

எது மேல்? தெரியல.

ஏப்ரல் 14, ஞாயிறு

எல்லோரும் தெருவில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, நான் கொட்டகைப் பக்கம் போனேன். விடுமுறை; ஆளில்லை. வெள்ளைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றை இறக்கி முழங்கையால் அளந்து பார்த்தேன். நீளம் ஒன்றரை முழம். இரண்டு கிலோ அறுநூறில் பிறந்து மூன்று மாதம் ஆன குழந்தை தாராளமாகப் படுக்கலாம்.

நான் கூடைகளுக்குப் பின்னாலும் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து மேசையின் அடிப்பகுதி தெரிகிறது. பெட்டி தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. ஒரு மணி நேரம்.

பத்து நிமிடம்தான் என்னால் நிற்க முடிந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

அம்மா தானாகவே பெரியம்மாவைக் கூப்பிட்டாள். சத்தத்தைப் பெரிதாக்கி என் எதிரே வைத்துக்கொண்டாள்.

“அக்கா, பாப்பா சனி இல்ல. வெள்ளி. எனக்கு அப்பவே தெரியும். நான்தான் பொய் சொன்னேன்.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

“அப்போ பேரு தப்பாச்சேடி! சனிக்கு ‘ந’ வரிசைன்னுதானே அவளுக்கு நிலார்னு வெச்சோம்?” என்றாள் பெரியம்மா. பிறகு அவள் குரல் மாறியது. “நானும் அவளை என்னென்னமோ சொல்லிட்டேனே... அவ பக்கத்துல இருக்காளா? இல்லன்னு சொல்லிடு. என்னால பேச முடியாது.”

“இருக்கேன் பெரியம்மா” என்றேன்.

வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்; அழுது முடித்த மூக்கோடு, வெள்ளிக்கிழமைக்காரிகள் வாயாடிகளாக இருப்பார்களே, நீ ஏன் இப்படி என்று கேட்டாள்.

‘பாப்பா’ என்று அம்மா சொன்னதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கிழமை என்ற இடத்தில், சான்றில் உள்ளபடி, சனி என்றே எழுதினேன். அரசாங்கத்துக்கு அது போதும்.

ஏப்ரல் 17, புதன். புத்தாண்டு.

ஒவ்வொரு புத்தாண்டிலும் இங்கே பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்துச் சின்னவர்கள் தலை கழுவி விடுவார்கள். எய் பியூ அக்கா காலையிலேயே சீயக்காயும் மரப்பட்டையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரோடு வந்துவிட்டாள். “வாங்கக்கா, ஒவ்வொரு வருசமும் நான்தானே” என்றாள்.

“இந்த வருஷம் நான்” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அடேயப்பா, டீச்சர் பேசிட்டாங்க, எல்லாரும் எழுதிக்கங்க!” என்று கத்திக்கொண்டே போனாள்.

குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலி. மாவுக்கட்டு நனையாமல் பை சுற்றிக் கட்டினேன். அம்மா குனிந்தாள். முன்னால் விழுந்த முடி தரையைத் தொட்டது. உள்பக்கம் முழுக்க நரை; மேலே தெரியாதபடி சீவியிருந்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். எனக்கும் அதே இடத்தில் உண்டு. பெரியம்மா சொல்லியிருக்கிறாள், ஆனால் யாரைப்போல என்று சொன்னதில்லை.

மெதுவாகத் தேய்த்தேன். நுரை போக நாலு குவளை ஊற்றியபின், குனிந்தபடியே கேட்டாள்:

“கோவமா?”

“ஆமாம்.”

“போயிடுவியா?”

“படிவம் நிரப்பிட்டேன். இங்கதான் இருக்கப்போறேன்.”

“கோவத்தோடவா?”

“கோவத்தோடதான்.”

“சரி” என்றாள். “அதுவும் இங்கயே இருக்கட்டும்.”

முடியைப் பிழிந்து துண்டைச் சுற்றினேன். அவள் நிமிர்ந்து எழுந்திருக்கப் போனாள். வாளியில் பாதிச் சீயக்காய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. இன்று கேட்காவிட்டால் இனி கேட்கவே மாட்டேன் என்று தோன்றியது. முறையில்லாத கேள்விதான், இந்த நாளில் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் செய்யும் வழக்கமில்லை. இரண்டரை மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்ததை, அந்த முக்காலிக்கு எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்:

“அம்மா, எனக்கும் ஒரு தடவை தலை கழுவி விடுங்க. ஒரு கை போதும்.”